தரம் இரண்டின் கணக்கைப் புலமைப்பரிசிலுக்கு ஈடு வைக்க வேண்டாம்

கிழக்கு மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா ஆகிய ஐந்து வலயங்களின் கல்விப் பணிப்பாளர்களுக்கும், ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்கள், ஆசிரிய ஆலோசகர்கள், அதிபர்கள் அனைவருக்கும்,

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

நான் ஆரம்பப் பிரிவில் கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. எழுவான்கரையின் கடலோரப் பாடசாலைகளிலும், வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பாடசாலைகளிலும் தரம் ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா வகுப்புகளையும் மாறி மாறிப் பொறுப்பேற்றிருக்கிறேன். அயலிலுள்ள பிள்ளைகள் இப்போதும் மாலையில் கொப்பிகளோடு எங்கள் விறாந்தைக்கு வந்து போவதால், வகுப்பில் கணிதம் எப்படி நடக்கிறது என்பதும், அதைப் பற்றி வீடுகளில் என்ன பேசப்படுகிறது என்பதும் எனக்கு இன்னும் தெரிந்துகொண்டே இருக்கிறது. தரம் 1 முதல் 3 வரையான எண் கல்வி தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் அவசரத்துக்குள் இழுபட்டுப் போய்விட்டது என்பதே என் முறைப்பாடு. அதைச் சீர்செய்யப் புதிய சட்டமோ பெரிய நிதியோ வேண்டியதில்லை. நீங்கள் பாடசாலைகளிடம் கேட்கும் கேள்வியையும், பாடசாலைகள் பெற்றோரிடம் கேட்கும் உதவியையும் மாற்றினாலே பெரும்பகுதி சரியாகிவிடும் என்று நம்புவதால்தான் இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன்.

ஒரு கொப்பியிலிருந்து தொடங்குகிறேன். தரம் 3 இல் படிக்கும் ஒரு பையன் 52 − 27 = 35 என்று எழுதி, அதன்மேல் சிவப்புப் புள்ளடி விழுந்த கொப்பியைக் கொண்டுவந்தான். ஒன்றினிடத்தில் 2 இலிருந்து 7 ஐக் கழிக்க முடியாது என்பதால், அவன் திருப்பி 7 இலிருந்து 2 ஐக் கழித்து 5 என்று வைத்திருக்கிறான். பத்தினிடத்தில் 5 இலிருந்து 2 போக 3. அவனிடம் ஈர்க்கில் துண்டுகளைக் கொடுத்து, பத்துப் பத்தாக றப்பர் வளையம் போட்டு ஐந்து கட்டும் இரண்டு உதிரியுமாக வைக்கச் சொன்னேன். அதிலிருந்து 27 ஐ எடுக்கச் சொன்னதும், எவரும் சொல்லிக் கொடுக்காமலேயே ஒரு கட்டை அவிழ்த்தான். பன்னிரண்டு உதிரியிலிருந்து ஏழை எடுத்தான். மிச்சமிருந்த கட்டுகளில் இரண்டை ஒதுக்கினான். மீதி 25. கொப்பியில் 35 என்றல்லவா இருக்கிறது என்று கேட்டேன். சற்று நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அது கொப்பிக் கணக்கு, இது ஈர்க்கில் கணக்கு ரீச்சர்" என்றான்.

அந்தப் பையனுக்குக் கழித்தல் தெரியும். அவன் கைக்குத் தெரிந்த கழித்தலும் கொப்பியில் எழுதும் கழித்தலும் ஒன்றுதான் என்பதை மட்டும் எவரும் அவனுக்குக் காட்டியிருக்கவில்லை. இது அவனுடைய கவனக்குறைவும் அன்று. 1978 ஆம் ஆண்டில் ஜோன் சீலி பிறவுண், ரிச்சர்ட் பேர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பிள்ளைகளின் கழித்தல் தவறுகளை ஆராய்ந்து, அவற்றிற் பல தற்செயலானவை அல்ல என்றும், பிள்ளை தனக்குள் அமைத்துக்கொண்ட ஒரு பிழையான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதன் விளைவுகள் என்றும் காட்டினார்கள். அவர்கள் பட்டியலிட்டவற்றுள் மிகச் சாதாரணமானவற்றுள் ஒன்று, பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்துவிடும் இந்தத் தவறு. எந்த நாட்டு வகுப்பறையிலும் இது உண்டு. ஆனால் அந்தக் கணக்கின்மேல் புள்ளடி போட்டு, அதையே பத்துத் தடவை எழுதி வரச் சொன்னால், பிள்ளை தன் பிழையான விதியைப் பத்துத் தடவை பயிற்சி செய்துகொண்டு வரும்.

இன்னொரு உதாரணம். "முந்நூற்று ஐந்தை எழுது" என்றால் 3005 என்று எழுதும் பிள்ளைகளை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். முந்நூறு என்றால் 300 என்று அதற்குத் தெரியும், ஐந்தும் தெரியும், ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. இதில் ஒரு நியாயம் இருக்கிறது, இடப்பெறுமானம் மட்டும் இன்னும் சேரவில்லை. பழைய நாட்காட்டி அட்டையில் 300 என்று நீளமாக ஒன்றும் 5 என்று சிறியதாக ஒன்றும் வெட்டி, ஐந்தை வலப்பக்கப் பூச்சியத்தின்மேல் பொருத்திக் காட்டினால், நடுவில் நிற்கும் பூச்சியம் எதற்காக நிற்கிறது என்பதைப் பிள்ளை தானே சொல்லும். வேறு செலவு எதுவும் இல்லை. ஆனால் நேரம் எடுக்கும், அந்த நேரந்தான் இப்போது வகுப்பில் கிடைப்பதில்லை.

பொருளைக் கையாளுதல், பின்னர் படமாகப் பார்த்தல், அதன் பின்னரே குறியீடாக எழுதுதல் என்ற ஒழுங்கு புதிய கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புறூணர் 1960களில் இதை விளக்கினார். 1980களிலிருந்து சிங்கப்பூர் தன் ஆரம்பக் கணிதத்தை இதன்மீதே கட்டியது. நம் நாட்டில் 1999 ஆம் ஆண்டு தரம் 1 இல் நாடெங்கும் தொடங்கப்பட்ட ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமும், விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று மூன்றாகப் பிரித்து, தரம் 1, 2 அடங்கிய முதன்மை நிலை ஒன்றில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்குமே முதலிடம் கொடுத்தது. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளிலும் இது இருக்கிறது. எனவே நான் உங்களிடம் புதிய கொள்கை எதையும் கேட்கவில்லை. மணி கோத்த எண்சட்டங்கள் அலுமாரிக்குள் தூசு படிந்திருக்க, தரம் 2 பிள்ளை கரும்பலகையிலிருந்து முப்பது கூட்டல்களைப் பார்த்து எழுதுவது ஏன் என்பதை மட்டும் பேசுவோம்.

காரணம் ஆசிரியர்களின் சோம்பல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தரம் 5 பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். இரண்டாம் வினாத்தாளில் 60 வினாக்கள், ஒன்றேகால் மணித்தியாலம். பத்து வயதுப் பிள்ளை இதற்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் வேகம் வேண்டும். வேகத்துக்குக் குறுக்குவழி வேண்டும். குறுக்குவழியைத் தரம் 5 இல் தொடங்கினால் பிந்திவிடும் என்று தரம் 4 இல் தொடங்குகிறார்கள், பிறகு தரம் 3 இல். இப்போது தரம் 2 பிள்ளைக்கே "புலமைப்பரிசில் அடித்தளம்" என்ற பெயரில் பிரத்தியேக வகுப்பு நடக்கிறது. இந்தப் பரீட்சை, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப்பணமும், ஆறாந் தரத்தில் விரும்பிய பாடசாலையில் இடமும் பெற்றுத் தருவதற்கென்றே வந்தது. அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன், அதை ஒழிக்கச் சொல்லவும் இல்லை. முடிவு வந்த வாரத்தில் பாடசாலை மதிலில் தொங்கும் பதாகை, தரம் 1 வகுப்பறையின் நேரசூசியைத் தீர்மானிக்கக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

குறுக்குவழி என்ன செய்கிறது என்பதற்கு வசனக் கணக்கே நல்ல சாட்சி. "மொத்தம்" வந்தால் கூட்டு, "மீதி" வந்தால் கழி, "அதிகம்" வந்தால் கூட்டு என்று சொல்லிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள்: "கமலிடம் 12 மாங்காய்கள் உள்ளன. இது ராணியிடம் உள்ளதைவிட 5 அதிகம். ராணியிடம் எத்தனை?" சொல்லைப் பிடித்துக் கணக்குச் செய்யும் பிள்ளை 17 என்று எழுதும். கதையைப் புரிந்துகொண்ட பிள்ளை, ராணியிடம் இருப்பது குறைவு என்று முதலில் கண்டுகொண்டு 7 என்று சொல்லும். கீறிப் பார்க்கச் சொன்னால், அதாவது கமலுக்கு ஒரு நீளமான பட்டையும் ராணிக்கு அதைவிடக் குட்டையான பட்டையும் கீறச் சொன்னால், முதற்பிள்ளையும் தன் விடையைத் தானே திருத்திக்கொள்ளும். ஒன்றரை நிமிடத்தில் பட்டை கீற முடியாது என்பார்கள். தரம் 2 இலும் 3 இலும் கீறிப் பழகிய பிள்ளைக்குத் தரம் 5 இல் அந்தப் பட்டை மனத்துக்குள் விழுந்துவிடும் என்பதே என் அனுபவம்.

சமன் குறியும் அப்படித்தான். 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுத்தால் பெட்டிக்குள் என்ன வரும்? 1990களின் இறுதியில் தோமஸ் காப்பென்டரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் அமெரிக்க ஆரம்பப் பாடசாலைகளில் கேட்டபோது பெரும்பாலான பிள்ளைகள் 12 அல்லது 17 என்றார்கள். சரியான விடை 7. உங்கள் வலயத்திலும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். "சமன்" என்றால் "இனி விடையை எழுது" என்ற கட்டளை என்றே பிள்ளை விளங்கி வைத்திருக்கிறது; இரு பக்கமும் ஒரே பெறுமானம் என்று விளங்கவில்லை. இதே பிள்ளைதான் ஏழாம் எட்டாம் தரத்தில் சமன்பாட்டின் முன்னால் திகைத்து நிற்கும். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் போனால், உயர்தரத்தின் வாசல் எவ்வளவு ஒடுங்கிவிடும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் எழுதியதால் நான் வாய்பாட்டுக்கு எதிரி என்று எண்ணிவிட வேண்டாம். வாய்பாடு மனனமாகத்தான் வேண்டும். 7 × 8 ஐ ஒவ்வொரு முறையும் விரல்விட்டு எண்ணும் பிள்ளைக்குப் பெரிய கணக்கில் மூச்சுவிட நேரமிராது. ஆனால் பத்து வாய்பாடுகளின் நூறு வரிகளையும் ஒரே ராகத்தில் ஒப்புவிக்க வைப்பதற்கு முன்னர், அந்த நூறில் உண்மையில் எத்தனை பாரமானவை என்பதைப் பிள்ளையோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள். 1, 2, 5, 10 ஆகியவற்றின் வாய்பாடுகள் எண்ணி எண்ணியே பழகிவிடும். மீதமுள்ள 3, 4, 6, 7, 8, 9 ஆகிய ஆறு எண்களும் தமக்குள் பெருகும் 36 வரிகளில், 3 × 8 உம் 8 × 3 உம் ஒன்றே என்பதைக் கண்டுகொண்டால் மிஞ்சுவது 21 மட்டுந்தான். நூறென்று மிரண்டிருந்த பிள்ளைக்கு இருபத்தொன்று என்றதும் வரும் முகத்தை ஆசிரியர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அந்த இருபத்தொன்றிலும் 7 × 8 மறந்துபோனால் 7 × 7 = 49, அதோடு இன்னோர் ஏழு என்று 56 க்கு வந்து சேரும் வழி தெரிந்திருந்தால், மறதி ஒரு பெரிய விபத்தாகாது.

இனி வீட்டுக்கு வருகிறேன். இந்த மடலில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதைத்தான்.

பெற்றோர் கூட்டங்களில் நாம் வழமையாகச் சொல்வது, "பிள்ளையின் வீட்டுவேலையைப் பார்த்துச் செய்வியுங்கள்" என்பதே. இதைச் சொல்லும்போது எப்படிப்பட்ட வீட்டை மனத்தில் வைத்துச் சொல்கிறோம் என்று யோசித்ததுண்டா? நம் மாவட்டத்தில் தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகள் பல வகுப்புகளில் இருக்கிறார்கள். விதைப்பும் வெட்டும் நடக்கும் காலங்களில் தகப்பன் வயல் வாடியிலேயே தங்கிவிடுகிறார். மாலையில் களைத்து வந்த தாய், தனக்குப் பிடிபடாத ஒரு முறையில் எழுதப்பட்ட கழித்தலை வைத்துக்கொண்டு பிள்ளையோடு சண்டை பிடிக்கிறாள், பிள்ளை அழுகிறது, கணக்கு என்றாலே வீட்டில் சத்தம் என்றாகிவிடுகிறது.

இது வெறும் அனுதாபப் பேச்சு அன்று. 2015 ஆம் ஆண்டில் எரின் மலோனி, சியான் பைலொக் முதலான ஆய்வாளர்கள் அமெரிக்காவில் முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் வைத்துச் செய்த ஆய்வில், கணிதத்தில் பயமுள்ள பெற்றோரின் பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கற்றிருந்தார்கள் என்றும், தமக்கும் அந்தப் பயத்தை வரவழைத்துக்கொண்டார்கள் என்றும் கண்டார்கள். ஆனால் அந்தப் பாதிப்பு, அத்தகைய பெற்றோர் அடிக்கடி வீட்டுவேலையில் உதவிய இடங்களில் மட்டுமே காணப்பட்டது. அதே பைலொக்கும் வேறு சிலரும் அதே ஆண்டில் சிக்காகோப் பகுதியில் முதலாம் தரப் பிள்ளைகளிடம் நடத்திய மற்றோர் ஆய்வில், வீட்டுவேலைக்குப் புறம்பாக, எண் சம்பந்தமான சிறு கதைகளைப் பெற்றோர் பிள்ளையோடு சேர்ந்து வாசித்துப் பேசியபோது பிள்ளைகளின் கணிதம் முன்னேறியது. கணிதத்துக்குப் பயந்த பெற்றோரின் வீடுகளிலேயே அந்தப் பயன் கூடுதலாகத் தெரிந்தது. பயப்படும் பெற்றோரிடம் நாம் எதை ஒப்படைக்கிறோம் என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது. நாம் ஒப்படைப்பதோ கொப்பியை.

"ரீச்சர், எனக்குக் கணக்கு ஓடாது, நீங்கதான் பார்த்துப் படிப்பிக்கணும்" என்று என்னிடம் சொல்லாத தகப்பன்மார் குறைவு. அப்படிச் சொல்லும் மனிதர்தான் எத்தனை ஏக்கர் வெள்ளாமை, வெட்டு மெசினுக்கு ஏக்கருக்கு எவ்வளவு கூலி, ஏக்கருக்கு எத்தனை மூடை விழுந்தால் உரக்கடைக் கடன் போய்க் கையில் என்ன மிஞ்சும் என்பதையெல்லாம் வரம்பில் நின்றபடியே மனத்தால் கணித்துச் சொல்கிறார். பன்பாய் இழைக்கும் தாய் எத்தனை பன்னுக்கு ஒரு நிறம் மாற்றினால் கோலம் சரியாக நடுவில் வந்து பொருந்தும் என்று கண்ணாலேயே கணக்கிடுகிறாள். இவர்களுக்குக் கணக்கு ஓடுகிறது. பாடசாலைக் கணக்கின் முகந்தான் அவர்களுக்குப் பழக்கமில்லை. யாழின் இசையைக் கணக்காலே அளந்து காட்டிய விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு நமக்கு அயல்தான். கைத்தொழிலுக்குள்ளும் கலைக்குள்ளும் கணக்கு ஒளிந்திருப்பதைக் கண்டுகொள்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆகவே தரம் 1 முதல் 3 வரை வீட்டுக்கு அனுப்பும் வேலையின் தன்மையை மாற்றுங்கள். அரிசி களையும்போது "நாலு பேருக்கு இரண்டு சுண்டு என்றால் ஆறு பேருக்கு எத்தனை?" என்று கேட்பது ஒரு வேலை. மீன் வாங்கிய நாளில் ஒரு கூறில் ஏழு மீன், மூன்று கூறு வாங்கினோம், எத்தனை மீன் என்று கேட்டுவிட்டு எண்ணிப் பார்ப்பது இன்னொன்று. கடைக்குப் போகும் பிள்ளையிடம் 1000 ரூபாத் தாளைக் கொடுத்து 640 ரூபாவுக்குச் சாமான் வாங்கும்போது, கடைக்கார அண்ணன் மீதியை எப்படி எண்ணித் தருகிறார் என்று பார்த்து வரச் சொல்லுங்கள். 640 இலிருந்து 700 க்கு 60, 700 இலிருந்து 1000 க்கு 300, ஆகவே 360 என்று அவர் மேலே ஏறிப் போகிறார். அதுவும் கழித்தல்தான், கடன் வாங்காத கழித்தல். மறுநாள் வகுப்பில் அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் 1000 − 640 என்பதன் பூச்சியங்கள் எவரையும் பயமுறுத்தாது. கால் கிலோ, அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று தராசில் நிறுப்பதைப் பார்த்த பிள்ளைக்குப் பின்னங்கள் தரம் 4 இல் புதிதாகப் பிறப்பதில்லை. இவை எவற்றையும் கொப்பியில் எழுதி வர வேண்டாம். "வீட்டில் என்ன எண்ணினாய்?" என்று காலையில் இரண்டு மூன்று பிள்ளைகளிடம் கேட்டாலே போதும்.

விளையாட்டையும் சொல்ல வேண்டும். றொபேர்ட் சீக்லர், கீதா ரமணி ஆகியோர் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த முன்பள்ளிப் பிள்ளைகள் 1 முதல் 10 வரை நேர்கோட்டில் எண்ணிடப்பட்ட பலகையில், 15 நிமிடம் வீதம் நான்கு தடவைகள் மட்டுமே விளையாடி, எண்களின் பெறுமானத்தை மதிப்பிடுவதில் தெளிவான முன்னேற்றம் காட்டினார்கள். எண்ணுக்குப் பதிலாக நிறங்கள் இடப்பட்ட அதே பலகையில் விளையாடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. நம் வீடுகளில் தாயக்கட்டையும் பாம்பும் ஏணியும் பல்லாங்குழியும் கொக்கான் வெட்டுவதும் இன்னும் அழிந்துபோகவில்லை. பேரப்பிள்ளையோடு தாயம் போடும் அம்மம்மாவுக்கு, "நீங்கள் செய்வது கணிதப் பாடம், கட்டங்களைச் சத்தமாக எண்ணி நகர்த்துங்கள், இன்னும் எத்தனை விழுந்தால் பழம் என்று பிள்ளையிடம் கேளுங்கள்" என்று பாடசாலை சொல்ல வேண்டும். எழுத்தறிவு குறைந்த வீட்டுக்கும் இந்த உதவி முழுதாக முடியும். வீட்டுவேலைக் கொப்பியில் கையொப்பம் கேட்பதோ அந்த வீட்டை வெட்கப்படுத்துகிறது.

வீட்டிலும் வகுப்பிலும் முறை வேறுபடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில பெரியவர்கள் 52 − 27 ஐ, மேலே இரண்டைப் பன்னிரண்டாக்கி, கீழே இரண்டை மூன்றாக்கிச் செய்வார்கள். 12 இல் 7 போக 5, 5 இல் 3 போக 2. மேலும் கீழும் பத்தைக் கூட்டினால் வித்தியாசம் மாறாது என்ற உண்மைமேல் நிற்கும் முற்றிலும் சரியான முறை இது. "வீட்டில் சொன்னது பிழை, இங்கே சொல்வதுதான் சரி" என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியர், ஒரே வசனத்தில் தாத்தாவின் மரியாதையையும் பிள்ளையின் நம்பிக்கையையும் குறைத்துவிடுகிறார். மாறாக, இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இரண்டிலும் 25 ஏன் வருகிறது என்று தரம் 4 பிள்ளைகளிடம் கேட்டால், அன்றைய பாடமே அதுவாகிவிடும்.

உங்களிடம் நேரடியாகக் கேட்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். மேற்பார்வைக்கு ஒரு பாடசாலைக்குச் செல்லும்போது, எத்தனை பேர் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தார்கள் என்பதை முதற்கேள்வியாகக் கேட்காதீர்கள். அதிபர்கள் உங்கள் முதற்கேள்விக்கேற்பத்தான் தங்கள் ஆண்டுத் திட்டத்தை எழுதுகிறார்கள். அதற்குப் பதிலாகத் தரம் 2 வகுப்புக்குள் சென்று, ஒரு பிள்ளையை அருகில் அழைத்து, 34 ஐ ஈர்க்கில் கட்டுகளால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதிலிருந்து 8 ஐ எடுக்கச் சொல்லுங்கள். எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. பாடப்பதிவேட்டையும் கொப்பியையும் ஒரு மணித்தியாலம் புரட்டுவதைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும். வலயத்திலிருந்து வருபவர் இதைத்தான் பார்ப்பார் என்ற செய்தி ஒரு தவணைக்குள் எல்லாப் பாடசாலைக்கும் போய்விடும்; எண்சட்டங்கள் அலுமாரியிலிருந்து தாமாக வெளியே வரும்.

தரம் 1, 2 ஆசிரியர்களை ஆண்டு நடுவில் இடமாற்றாதீர்கள். படுவான்கரையில் இந்தக் கேடு அதிகம். வாவியைக் கடந்து போய்வரும் ஆசிரியரின் சிரமத்தை நான் அறிவேன், நானும் அப்படிப் போய்வந்தவளே. ஆனால் எண்ணுப் பழகிக்கொண்டிருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆசிரியர் மாறுவதும் முறை மாறுவதும் ஒன்றுதான். ஒரே ஆசிரியர் தரம் 1 இல் தொடங்கி அதே பிள்ளைகளோடு தரம் 2 க்கும் செல்ல இடங்கொடுங்கள். இரண்டு மூன்று தரங்களை ஒருவரே ஒன்றாக வைத்துக் கற்பிக்கும் சிறிய பாடசாலைகளுக்கு ஆசிரிய ஆலோசகர்கள் முதலில் செல்லட்டும். நகரத்துப் பெரிய பாடசாலைகள் சற்றுக் காத்திருக்கலாம். தாழங்குடாவிலுள்ள கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஆசிரிய மாணவர்கள், பாடசாலைகளில் கற்பித்துப் பழகும் கட்டுறுப் பயிற்சிக் காலத்தில் இந்தச் சிறிய பாடசாலைகளில் எண் விளையாட்டுகளை நடத்த ஒழுங்கு செய்வதும் இயலாத காரியமில்லை. பிரத்தியேக வகுப்புகளைத் தடைசெய்யும்படி நான் கேட்கவில்லை. தடைசெய்தால் அவை பின்வளவுக்குள் போகும், அவ்வளவுதான்.

பெற்றோர் கூட்டத்தைப் பற்றிய வேண்டுகோள் கடைசியானது. இப்போதைய கூட்டங்களில் வரவேற்புரை, தலைமையுரை, வசதிக் கட்டணம், சிரமதான நாள் என்று நேரம் போய்விடுகிறது. தவணைக்கு ஒரு கூட்டத்திலாவது அரை மணித்தியாலம் ஒதுக்கி, பெற்றோரையே பிள்ளைகளின் கதிரைகளில் இருத்தி, ஈர்க்கில் கட்டுகளையும் பாம்பும் ஏணியும் பலகையையும் அவர்கள் கையில் கொடுத்து, தரம் 2 கணிதத்தை அவர்களே செய்து பார்க்க வையுங்கள். நாட்கூலிக்குப் போகும் தாய் தகப்பன் ஒரு நாட் சம்பளத்தை இழந்து காலை ஒன்பது மணிக்கு வர மாட்டார்கள். ஆகவே கூட்டம் பின்னேரத்தில் இருக்கட்டும், வெட்டுக் காலத்திலும் மாரி வெள்ளக் காலத்திலும் வேண்டாம். அம்மம்மாமாரையும் பெயர் சொல்லி அழையுங்கள்.

இப்படிப்பட்ட கூட்டங்களை நடத்தித் தர நானும் என்னோடு ஓய்வுபெற்ற சில ஆசிரியர்களும் ஊதியம் எதுவும் எதிர்பாராமல் ஆயத்தமாக இருக்கிறோம். ஈர்க்கில் கட்டுகளும் எண் அட்டைகளும் நாங்களே கொண்டுவருவோம். படுவான்கரைப் பாடசாலைகளுக்குப் பின்னேரம் சென்று இருட்டுமுன் திரும்ப ஒரு வாகன ஒழுங்கும், அதிபர்களுக்கு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் கிடைத்தால், அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்,
களுவாஞ்சிகுடி.